தலைநகர் தரிசனம்

கோலார் தங்கவயலில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஆரம்பப் பள்ளிகளில் பெங்களூர்ப் பேச்சு தொடங்கிவிடும். வீட்டுக்கு ஓர் ஒப்புதல் தாள் வரும். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு, அதற்கு மேலே கட்டணத் தொகை. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது கணக்கு. இருட்டோடு பஸ் கிளம்பும். லால்பாக், கப்பன் பார்க், விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், கோளரங்கம், நேரம் மிச்சமிருந்தால் இஸ்கான் கோயில். சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்கு மட்டும் பஸ்ஸை ஓரங்கட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ. புளிசோற்றுப் பொட்டலம் பிரிவது ஏதோ ஒரு மரத்தடியில். ராத்திரி பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்க, பஸ் ஊர் வந்து சேரும். இதில் தத்துவம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எட்டு, ஒன்பது வயதில் ஒரு பிள்ளை முதன்முதலாக அதிகாரத்தின் முகத்தை நேரில் பார்க்கப் போகிறது. எப்படிப் பார்க்க வேண்டும் என்று நாம் அதற்கு என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பது சமயம் சார்ந்த கேள்வி. கும்பிடப் போகிறதா, விசாரிக்கப் போகிறதா?

சமயத்தை இதில் நானாக இழுத்துவரவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஊர் சுற்றிக்காட்டக் கர்நாடகச் சுற்றுலாத் துறை நடத்திவரும் திட்டத்தின் பெயரே ‘கர்நாடக தர்ஷன’. தரிசனம் என்பது கோயில் சொல். ‘சாமி பார்க்கப் போனோம்’ என்று பேச்சில் சொன்னாலும், நாம் சாமியைப் பார்ப்பதோடு தரிசனம் முடிந்துவிடுவதில்லை, சாமியும் நம்மைப் பார்க்க வேண்டும். கல்லில் செதுக்கிய சிலைக்குக் கடைசியாகக் கண் திறந்த பிறகுதான் அது தெய்வம். கண் திறக்காத சிலைமுன் எவ்வளவு நேரம் நின்றாலும் அது தரிசனம் ஆகாது. கூட்ட நெரிசலில் கருவறைக்கு நேரே ஒரு நொடி நிற்கக் கிடைத்தவர் வெளியே வந்து ‘அம்மன் என்னைப் பார்த்துவிட்டாள்’ என்பார். பார்ப்பது பாதி, பார்க்கப்படுவது பாதி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளின் தலைநகர்ப் பயணம் முழுத் தரிசனமாகக்கூட இல்லை. பிள்ளை விதான சௌதாவைப் பார்க்கிறது. விதான சௌதா பிள்ளையைப் பார்ப்பதில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்கிற பழமொழி நமக்கு உண்டு. ஆனால் அதைச் சொல்லித் தேற்றப்பட்டவர்களில் உள்ளே விடப்படாதவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தங்கவயலின் சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்தவை. வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அவர்களுடைய பாட்டன்களுக்குப் பழகிப்போன வேலை. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதையே கற்றுத்தர வேண்டியதில்லை.

போட்டோவுக்கு நிற்கிற அந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் கட்டடத்தின் நெற்றியில் ஓர் எழுத்துவரி தெரியும். அரசாங்கத்தின் வேலை தெய்வத்தின் வேலை என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கிறார்கள். 1951இல் நேரு அடிக்கல் நாட்டி, கெங்கல் ஹனுமந்தய்யா முதலமைச்சராக முன்னின்று கட்டி, 1956இல் முடிந்த கருங்கல் மாளிகை அது. ஆயிரக்கணக்கான கல்தச்சர்களும் கூலிகளும், அவர்களோடு சிறைக்கைதிகளும் உழைத்த கட்டடம். இன்றைக்குத் தமிழ்வழியில் படிக்கிற தங்கவயல் பிள்ளைக்கும் கன்னட எழுத்து தெரியும், அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். படித்துவிட்டு என்ன நினைக்கும்? இந்த வாசகத்துக்குப் பின்னால் கன்னட நிலத்தின் ஆழமான ஒரு சிந்தனை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவரைச் சூழ்ந்த சரணர்கள் என்கிற சிவனடியார்களும், செய்கிற தொழிலே கைலாசம் என்றார்கள். காயகம் என்பது அவர்கள் சொல். செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், ஓடம் தள்ளுபவர் எல்லாரும் அவரவர் தொழிலை வைத்தே அந்தச் சரணர் கூட்டத்தில் பெயர் பெற்றிருந்தார்கள். அந்த எண்ணத்தின் சாயல்தான் விதான சௌதாவின் நெற்றியில் இருக்கிறது என்றால், வழியில் அது ரொம்பவே சுருங்கிப்போயிருக்கிறது. எல்லா உழைப்பும் தெய்வத்தினுடையது என்பது சரணர் சொன்னது. அரசாங்கத்தின் உழைப்பு தெய்வத்தினுடையது என்பது கல்லில் வெட்டப்பட்டது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே கொதிக்கிற சூட்டில், அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் எப்போது வருமோ என்கிற பயத்தோடு துளை போட்டவருடைய வேலை யாருடைய வேலை? நுரையீரலில் சிலிகோசிஸோடு லைன் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டே காலம் தள்ளியவர் செய்தது எந்தக் கைலாசத்துக்கு? அவர் இறங்கிய ஷாஃப்டின் மேல் அப்படி ஒரு வாசகத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. இதை ஒரு வாத்தியார் அந்த வேலியோரத்தில் நின்று இரண்டு நிமிஷத்தில் பிள்ளைகளிடம் கேட்டுவிட முடியும். ‘உங்க தாத்தா செஞ்ச வேலை யாரோட வேலை?’ அவ்வளவுதான் கேள்வி. விடையை அவர் சொல்ல வேண்டாம்.

இப்படிக் கேட்டுப் பார்ப்பதற்கும் நம்மிடம் ஒரு மரபு உண்டு. அதைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை, தங்கவயலின் மாரிக்குப்பத்திலேயே இருக்கிறது. 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் வலுவாக வேர் பிடித்த இடங்களில் முதன்மையானது தங்கவயல். பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்கு எழுதியவர்களும் காசு அனுப்பியவர்களும் இந்தச் சுரங்க லைன்களில் இருந்தார்கள். அவர் மறைந்த பிறகு ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலையும் இங்கேதான் இருந்தது. விகாரையில் தினமும் சொல்லப்படும் வந்தனையில் தம்மத்தின் குணங்களில் ஒன்றாக ‘ஏஹிபஸ்ஸிகோ’ என்று வரும். வந்து பார் என்று அழைக்கத் தகுந்தது என்பது அதன் பொருள். நம்பு என்று சொல்லாமல் வந்து பார் என்று சொல்வது. பார்த்துவிட்டுச் சரியில்லையென்றால் விட்டுவிடவும் இடம் தருவது. ஊரில் இன்னொரு பெரிய கூட்டமான கிறிஸ்தவர்களுடைய வேதத்திலும் இதே அழைப்பு இருக்கிறது. நாசரேத்து மாதிரி ஒரு சிற்றூரிலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று நாத்தான்வேல் இளக்காரமாகக் கேட்டபோது பிலிப்பு வாதாடவில்லை, வந்து பார்க்கச் சொன்னான். அங்கே பார்க்கப்பட வேண்டியது தலைநகரமல்ல, ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்கப்பட்ட ஊர்க்காரர் ஒருவர். கண்ணை மூடிக் கும்பிடும் தரிசனம் ஒருபக்கம் என்றால் கண்ணைத் திறந்து சோதிக்கும் இந்தப் பார்வை மறுபக்கம். தங்கவயல் பிள்ளைக்கு இரண்டும் பரம்பரைச் சொத்து. பள்ளி சுற்றுலா முதல் சொத்தை மட்டும், அதுவும் அரைகுறையாக, கையில் கொடுத்து அனுப்புகிறது.

சோதிப்பது என்றால் என்ன என்று ஓர் உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். பெங்களூர் என்றதும் பிள்ளைகள் மனதில் முதலில் நிற்பது வெளிச்சம். திரும்பி வந்து வரையும் படங்களில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். ஆனால் அந்த வெளிச்சம் முதலில் வந்த ஊர் எது? சிவனசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்தில் எடுத்த மின்சாரம் 1902 ஜூன் மாதம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் நீளக் கம்பியில் ஓடித் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோவது அன்றைக்கு உலகத்திலேயே அபூர்வம். பெங்களூரின் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில். மூன்று வருஷம் பின்னால். காவிரியை விளக்காக மாற்ற மைசூர் சமஸ்தானம் துணிந்ததே, தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்கள் அந்த மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கும் என்கிற உறுதியால்தான். தலைநகரம் தங்கவயலுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது என்று சொல்ல இது போதும். இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை, அந்தத் தெருவில் விருந்தாளியாக நடக்காது, பங்காளியாக நடக்கும். ஆனால் சோதனை அங்கேயே நின்றுவிட்டால் அதுவும் இன்னொரு கும்பிடுதான், இந்த முறை நம்மூர்ப் பெருமையைப் பார்த்து. 1902இல் வந்த மின்சாரம் யாருக்காக வந்தது? பாறை நொறுக்கும் மில்லுக்கும், காற்று அழுத்தும் எந்திரத்துக்கும், ஆளையும் மண்ணையும் ஏற்றி இறக்கும் வைண்டருக்கும் வந்தது. மூங்கில் தட்டி வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்த தொழிலாளியை நினைத்துக் கம்பி இழுக்கப்படவில்லை. பெங்களூருக்கு முன்பே எங்கள் ஊரில் கரண்ட் வந்தது என்று இன்றைக்கும் தங்கவயலில் மார்தட்டிக்கொள்பவர்கள் உண்டு. அந்த ‘எங்கள்’ என்கிற சொல்லையும் பிள்ளை கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டும். தலைநகரத்தின் பெருமையை மட்டும் சோதித்துவிட்டுச் சொந்த ஊர்ப் பெருமையைச் சும்மா விட்டுவிடுகிறவர் வந்து பார்த்தவர் ஆகமாட்டார்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் பேசுவதா, அந்த வயசுக்கு வேண்டியது வியப்புதானே, யானையையும் டைனோசர் பொம்மையையும் பார்த்துச் சிரித்துவிட்டு வரட்டுமே என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வியப்பையும் கேள்வியையும் எதிரிகளாக வைப்பவர்கள் குழந்தைகளோடு அதிக நேரம் இருந்ததில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. வியந்த பிள்ளைதான் கேட்கும். ‘இவ்வளவு பெரிய வீட்ல யாரு இருக்காங்க? ராத்திரி யாரு பூட்டுவாங்க?’ இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளே கொண்டுவருகிறார்கள். நேரமாச்சு, பஸ் ஏறு என்று அவற்றை அணைப்பது பெரியவர்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நீ கடன் கொடுத்தவன், அவர்கள் வாங்கியவர்கள் என்று சொல்லிக்கொடுத்தால் பிஞ்சு மனதில் வன்மம் வளராதா, அதுவும் தமிழ், கன்னடம் என்று தொட்டதற்கெல்லாம் பற்றிக்கொள்கிற இடத்தில்? அந்தப் பயம் காரணமில்லாததல்ல. ஆனால் உண்மையை மறைத்து வளர்த்த நன்றி நிற்காது. பிற்பாடு உண்மை தெரியும்போது அது இரண்டு பங்கு கசப்பாகும். தவிர, கணக்கைச் சரியாகச் சொன்னால் அது தமிழர் கணக்கு, கன்னடர் கணக்கு என்று பிரியவே பிரியாது. கம்பி இழுத்த கூலிகளும் அணைக்குக் கல் சுமந்தவர்களும் யார்? விதான சௌதாவின் கல்லைக் கொத்தியவர்கள் யார்? அவர்களில் எல்லாப் பாஷைக்காரர்களும் இருந்தார்கள். கடன் என்பது ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றினாலும், கொஞ்சம் தோண்டினால் அது உழைத்தவருக்கும் அனுபவித்தவருக்கும் நடுவில்தான் போய் நிற்கும்.

பழைய மறுப்பு ஒன்றும் உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. எங்கேயும் போக வேண்டியதில்லை என்று நம் ஞானிகளே சொன்னார்களே? கங்கையில் முங்கினால் என்ன, காவிரியில் முங்கினால் என்ன என்று அப்பர் கேட்டார். கோயிலாவது குளமாவது என்று சித்தர்கள் எகிறினார்கள். பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே பார்க்க ஆயிரம் இருக்க, தலைநகரம் எதற்கு? ஆனால் சொன்னவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அப்பர் என்கிற திருநாவுக்கரசர் அளவுக்குத் தமிழ்நாட்டை நடந்தே அளந்தவர்கள் குறைவு. தள்ளாத வயதில் கயிலைக்கே புறப்பட்டார், கால் தேய்ந்து உடம்பால் புரண்டு போனார் என்று சேக்கிழார் எழுதுகிறார். கடைசியில் கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது திருவையாற்றில். வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்ததே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவ்வளவு தூரம் போகத் துணிந்த கண்ணுக்குத்தான் திருவையாறு கயிலையாகத் தெரிந்தது. அப்பர் மறுத்தது முங்கினாலே புண்ணியம் என்கிற வியாபாரத்தை, பயணத்தை அல்ல. ‘கர்நாடக தர்ஷன’ பார்த்துவிட்ட பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், பள்ளிக்கு ஒரு குரூப் போட்டோ என்று முடிகிற சுற்றுலாவை அவர் கண்டிருந்தால் அதையும் சேர்த்தே கேட்டிருப்பார். சயனைடு மேட்டின் வெள்ளை மண்ணைத் தினமும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது மலையாகவே தோன்றும். பெங்களூர் போய் ஒரு நகரம் எதிலிருந்து எழும்புகிறது என்று யோசித்துவிட்டுத் திரும்பினால்தான், அது மலையல்ல, 120 வருஷம் 800 டன்னுக்கு மேல் தங்கத்தைப் பிழிந்தெடுத்துவிட்டுத் துப்பிய சக்கை என்பது கண்ணில் படும்.

ஆனால் இதெல்லாம் ஒரே பகலில் நடக்காது. அதனால்தான் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்கிறேன். செலவு கூடும், பொறுப்பு கூடும், பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். எல்லாம் தெரிந்தே சொல்கிறேன். பகலில் தெரிகிற தலைநகரம் காட்சிக்கு வைத்த தலைநகரம். விடியற்காலையில் தெரிவது வேறு. தெருவில் முதலில் இறங்குகிறவர்கள் துடைப்பத்தோடு வரும் துப்புரவுத் தொழிலாளர்களான பௌரகார்மிகர்கள். அவர்களில் தெலுங்கும் தமிழும் பேசுகிறவர்கள் ஏராளம். கொஞ்ச நேரத்தில் தங்கவயல் பக்கத்து ரயில்கள் ஆட்களைக் கொட்டும். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தைப் பூட்டிய பிறகு தங்கவயலில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான் என்று சொன்னால் மிகையாகாது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இருட்டில் ஏறி, இருட்டில் திரும்பி இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்கள். செக்யூரிட்டி, கார்மெண்ட்ஸ், ஆஸ்பத்திரி, ஆபீஸ். பல பிள்ளைகள் அப்பாவை முழு வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அப்பா அந்த நகரத்துக்குள் நுழைகிற நேரத்தில் பிள்ளை அங்கே நிற்கட்டும். பார்க்கப்படுதல் என்று மேலே சொன்னேனே, அந்தப் பாதி தரிசனம் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய இடம் அந்த பிளாட்பாரம்.

தங்குவதில் இன்னொன்றும் இருக்கிறது. கர்நாடகப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டத்துக்கு ‘அக்ஷர தாசோஹ’ என்று பெயர். எல்லாருக்கும் உணவிடும் தொண்டைக் குறிக்கும் தாசோஹமும் சரணர்களின் சொல்தான். பள்ளியில் பந்தி உண்டு, பாய் கிடையாது. ஒரே ஹாலில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துப் பேசிக்கொண்டே தூங்கிப்போவது வேறு விதமான சமத்துவம். பயணம் போனாலே வித்தியாசங்கள் கரைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மானுடவியலாளர் இராவதி கார்வே பண்டரிபுரத்துக்கு நடந்துபோன கூட்டத்தோடு தானும் நடந்தவர். ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு, ஒரே வழியில் போன பிராமணப் பெண்களும் மராட்டாப் பெண்களும் தனித்தனியே சமைத்துத் தனித்தனியே சாப்பிட்டதை அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். வழி தானாக எதையும் செய்யாது. யார் பக்கத்தில் யார் படுப்பது என்று பட்டியல் போடுகிற வாத்தியார் செய்யலாம்.

கடைசியாகப் போகாத பிள்ளையைப் பற்றி. ஒவ்வொரு வகுப்பிலும் ஒப்புதல் தாளைத் திருப்பித் தராத நாலைந்து பேர் இருப்பார்கள். கேட்டால் அடுத்த வருஷம் போவேன் என்பார்கள். சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாளைக் கழித்த ஆதனூர் நந்தனுக்குத் திருநாளைப் போவார் என்றே பெயர் நின்றுவிட்டது. திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தி விலகிக் கொடுத்தது என்பது கதை. தில்லையில் தீயில் இறங்கிய பிறகுதான் உள்ளே போனார் என்பதும் அதே கதை. அயோத்திதாசர் இந்தக் கதையை ஏற்கவில்லை. நந்தன் ஒரு பௌத்த அரசன் என்று எழுதினார். எந்தக் கதையை நம்பினாலும் சரி, வாசலுக்கு வெளியே ஒருவரை நிறுத்துவது பார்க்கிறவருடைய தகுதிக் குறைவு அல்ல, வாசலை வைத்திருக்கிறவருடைய குற்றம் என்பது இரண்டிலும் தெரிகிறது. 2025இல்தான் விதான சௌதாவுக்குள் பொதுமக்களை வழிகாட்டியோடு அழைத்துப்போய்க் காட்டும் ஏற்பாடு தொடங்கியது. எழுபது வருஷம் கழித்தாவது நந்தி கொஞ்சம் விலகியிருக்கிறது. தங்கவயல் தலைமையாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த டிசம்பரில் ஆறு இடத்தை இரண்டாகக் குறையுங்கள், ஓர் இரவு தங்குங்கள், வேலியோர போட்டோவை விட்டுவிட்டு உள்ளே போகும் நாளைக் கேட்டு வாங்குங்கள். பட்டியல் எழுதும்போது, கட்டணம் கட்ட முடியாத பிள்ளையின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.